சூத்திரம் மறந்து போனால் என்ன செய்வீர்கள்?

"மைனஸ் பி, பிளஸ் ஆர் மைனஸ், ரூட் ஆஃப் பி ஸ்கொயர் மைனஸ் ஃபோர் ஏசி, பை டூ ஏ."

பத்தாம் வகுப்பு தாண்டிய எல்லோருக்கும் இந்த மந்திரம் தெரியும். ஆனால் அந்த நான்கு எங்கிருந்து வந்தது, கீழே இரண்டு ஏன் வந்தது என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் முழிப்பார்கள். காரணம், அதைச் சொல்லும் வர்க்கப் பூர்த்தி முறையை "கஷ்டம்ப்பா, சாய்ஸில் விட்டுடலாம்" என்று தள்ளி வைப்பதுதான். நான் சொல்வது நேர் எதிர். சூத்திரத்தை மறந்தாலும் மறக்கலாம், இதை மறக்கக் கூடாது.

அப்படி ஒன்றும் கஷ்டமும் இல்லை. நம்ம புதூர், விளாத்திகுளம் பக்கம் மிளகாய் வத்தல் காயப்போடுவதை நினைத்துக் கொள்ளுங்கள். சதுரமாக ஒரு பரப்பு. பக்கம் எத்தனை கஜம் என்று தெரியாது, அதுதான் எக்ஸ். அதை ஒட்டி அதே அகலத்தில் 10 கஜ நீளத்துக்கு ஒரு பட்டை. மொத்தம் 39 சதுர கஜம். அதாவது எக்ஸ்² + 10எக்ஸ் = 39.

இப்போது பட்டையை ஐந்து ஐந்து கஜமாக இரண்டாக வெட்டி, ஒன்றைச் சதுரத்துக்குக் கிழக்கிலும் மற்றதைத் தெற்கிலும் வையுங்கள். மூலையில் மட்டும் 5க்கு 5 காலியாக இருக்கும். அந்த 25ஐ நிரப்பினால் முழுச் சதுரம்! 39 + 25 = 64. பக்கம் 8. அதில் 5 போக, எக்ஸ் = 3. வர்க்கப் பூர்த்தி என்றால் இந்த மூலையை நிரப்புவதுதான். (சமன்பாடாகப் பார்த்தால் 64க்கு −8ம் மூலம், ஆகவே −13 இன்னொரு விடை. நிலத்தை அளக்க அது உதவாது.)

கி.பி. 820 வாக்கில் பாக்தாத்தில் அல்-குவாரிஸ்மி இதே எண்களை வைத்துத்தான் படம் போட்டு விளக்கினார். அல்ஜீப்ரா என்ற பெயரே அவருடைய நூலின் தலைப்பிலிருந்து வந்தது.

பின்னம் வந்தால் பயமா? அதற்கும் நம் நாட்டு ஸ்ரீதரர் வழி சொல்லியிருக்கிறார். அவருடைய இயற்கணித நூல் கிடைக்கவில்லை. பாஸ்கரர் 1150இல் தன் பீஜகணிதத்தில் எடுத்துச் சொன்னதால் இந்த விதி பிழைத்தது. 2எக்ஸ்² + 5எக்ஸ் = 3 என்று வைத்துக் கொள்வோம். எக்ஸ்²இன் கெழு 2. அதன் நான்கு மடங்கான 8ஆல் பெருக்குங்கள்: 16எக்ஸ்² + 40எக்ஸ் = 24. எக்ஸின் பழைய கெழு 5. அதன் வர்க்கம் 25ஐ இருபுறமும் கூட்டுங்கள்: (4எக்ஸ் + 5)² = 49. ஆக 4எக்ஸ் + 5 என்பது 7 அல்லது −7. எக்ஸ் = 1/2 அல்லது −3. இதையே ஏ, பி, சி போட்டுச் செய்தால் மந்திரம் தானாக வந்து நிற்கும். நான்கும் இரண்டும் வந்த கதை இதுதான்.

பரீட்சையில் நேரம் குறைவு, சூத்திரம்தான் சீக்கிரம் என்பீர்கள். சரிதான், பயன்படுத்துங்கள். ஆனால் மனப்பாடத்தில் ஒரு குறி மாறினால் விடை போச்சு. திருத்திக் கொள்ள வழியே இருக்காது. டியூஷனுக்கு வழியில்லாத கிராமத்துப் பிள்ளைக்கு, மறந்ததைத் தானே மீட்டெடுக்கத் தெரிவதுதான் பெரிய சொத்து. மேல்நிலை வகுப்பில் வட்டத்தின் மையம், பரவளையத்தின் முனை, தொகையீடு என்று எல்லா இடத்திலும் இதே வேலை திரும்ப வரும். அங்கே அந்த மந்திரம் மட்டும் போதாது.

ஆகவே நண்பர்களே, முதலில் படம், அப்புறம் சூத்திரம். ஆசிரியர்களும் இந்த வரிசையில் நடத்தினால் புண்ணியமாகப் போகும்!