காலனிக்குள் வராத கணக்கெடுப்பு யாருக்காக?

கணக்கெடுக்க வருகிறவர்கள் ஊருக்குள் வந்ததும் எங்கே உட்காருகிறார்கள் என்று பார்த்தாலே போதும். அந்தக் கணக்கு எப்படி இருக்கும் என்று நாம் சொல்லிவிடலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பகுதிக் கிராமம் ஒன்றுக்கு உடல்நலக் கணக்கெடுப்புக்கு ஒரு குழு வந்தது. ஊர்ப் பக்கம் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். காலனியில் தேர்வான வீடுகளுக்கு ஆள் அனுப்பி, பெண்களை அங்கே வரச் சொன்னார்கள். ஊர்ப் பெரியவர்கள் காதில் விழும் தூரத்தில் முதலில் சாதி என்ன என்று கேட்டார்கள். பிறகு மாதவிலக்கு, கருத்தடை, கணவர் அடிப்பாரா என்று கேள்விகள் நீண்டன. கடைசியில் விரலில் குத்தி ரத்தம் எடுக்க வந்தபோது, ஒரு பெண் எழுந்து வந்துவிட்டார்.

மாலையில் அவர் வீட்டுக்குப் போனோம். "என் வீட்டுக்காரர் லாரியில போனவர். அவர் செத்தப்ப தெரு என்ன பேசுச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா? இப்ப ஊர் நடுவுல உக்காந்து ரத்தமும் குடுக்கணுமா?" என்று கேட்டார். நம்மிடம் பதில் இல்லை. படிவத்தில் 'மறுத்தார்' என்று ஒரு குறி விழுந்திருக்கும். ஏன் மறுத்தார் என்று எழுத அதில் கட்டம் இருந்திருக்காது.

இதைச் சொல்வதால் நாம் கணக்கெடுப்புக்கு எதிரானவர்கள் என்று எண்ண வேண்டாம். எண்ணிக்கையின் அருமையை நம்மைவிட அறிந்தவர்கள் இல்லை. 1932-ல் லோதியன் குழு வாக்குரிமை பற்றி விசாரித்தபோது, தீண்டப்படாத மக்களின் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்ட மாகாணங்களில் எவ்வளவு முயற்சி நடந்தது என்பதை அண்ணல் அம்பேத்கர் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். கணக்கில் வராதவருக்குப் பங்கும் வராது என்று அறிந்துதான் அவர் அந்த எண்ணிக்கைக்காகப் போராடினார்.

ஏழைகளின் ரத்தத்தில் போட்ட கணக்கு

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது சென்னையில்தான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் அதைக் கண்டறிந்தார்கள். அதன் பிறகு பல ஆண்டுகள், நாட்டில் எத்தனை பேருக்குத் தொற்று என்ற மதிப்பீடு பெரும்பாலும் அரசு மருத்துவமனைகளை நம்பியே இருந்தது. மகப்பேறு பிரிவுக்கு வரும் கர்ப்பிணிகள், பால்வினை நோய்ப் பிரிவுக்கு வருகிறவர்கள் ஆகியோரின் ரத்தத்தைச் சோதித்து, அதைக் கொண்டு நாடு முழுமைக்கும் கணக்குப் போட்டார்கள். அப்படிப் பார்த்ததில் 2006-ல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் மதிப்பீடு 52 லட்சம்.

வீடு வீடாகச் சென்று எடுத்த கணக்குதான் இதைத் திருத்தியது. 2005-06-ல் நடந்த மூன்றாவது தேசிய குடும்ப நல ஆய்வில் முதன்முறையாக எச்.ஐ.வி. பரிசோதனை சேர்க்கப்பட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ரத்தம் கொடுத்தார்கள். 15 முதல் 49 வயதுக்குட்பட்டோரில் 0.28 சதவீதம் பேருக்குத் தொற்று என்று தெரியவந்தது. தமிழ்நாட்டில் இது 0.34 சதவீதம். மற்றத் தரவுகளோடு இதையும் சேர்த்துப் பார்த்து, 2007-ல் நாட்டின் மதிப்பீட்டை ஏறத்தாழ 25 லட்சமாகத் திருத்தினார்கள். பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது.

முன்பு ஏன் கூடியது? ஆந்திராவின் குண்டூர் மாவட்டத்தில் லலித் தண்டோனா குழுவினர் நடத்திய ஆய்வு இதற்கு விடை சொன்னது. அரசு மருத்துவமனைக்கு அதிகம் போகிறவர்கள் ஏழைகள். தொற்று இருப்பதாகச் சந்தேகித்தால் தனியார் மருத்துவர்களும் அங்கேதான் அனுப்பிவிடுகிறார்கள். அங்கே எடுத்த கணக்கை எல்லோருக்கும் பொருத்தினால் எண்ணிக்கை கூடத்தான் செய்யும். தனியார் மருத்துவமனைக்குப் போகிறவரின் ரத்தம் அந்தக் கணக்கில் இல்லை. அரசு மருத்துவமனை வாசலில் வரிசையில் நின்ற நம் பெண்களின் ரத்தம் இருந்தது. 'இது கீழ்த்தட்டு மக்களின் நோய்' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பதை மாணவர்கள் இதிலிருந்தும் யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே வீட்டுக்கே வந்து கேட்கும் கணக்கெடுப்பு நமக்குத் தேவை. நம் கேள்வி, அது வீட்டுக்கு வருகிறதா என்பதுதான்.

விதி இருக்கிறது

தேசிய குடும்ப நல ஆய்வை மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக மும்பையிலுள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் ஒருங்கிணைக்கிறது. அதன் விதிகள் தெளிவானவை. கிராமங்களைத் தேர்வு செய்யும்போதே பட்டியல் சாதி, பழங்குடி மக்களின் விகிதத்தைக் கணக்கில் கொள்கிறார்கள். தேர்வான வீட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டில் கேட்டு எழுதக் கூடாது. வீட்டில் ஆள் இல்லையென்றால் திரும்ப வர வேண்டும். குடும்ப வன்முறை பற்றிய கேள்விகளைப் பெண் தனியாக இருக்கும்போதுதான் கேட்க வேண்டும். தனிமை கிடைக்காவிட்டால் கேட்கவே கூடாது.

2005-06-ல் ரத்தம் எடுத்த முறையும் அப்படித்தான். விரல் நுனியில் எடுத்த சில சொட்டுகள் ஒரு தாளில் உலர்த்தப்பட்டன. அதில் பெயர் கிடையாது, ஒரு குறியீட்டு எண் மட்டுமே. யாருடைய ரத்தம் என்று ஆய்வுக்கூடத்துக்குத் தெரியாது. முடிவும் யாருக்கும் சொல்லப்படவில்லை. தன் நிலையை அறிய விரும்பியவர்கள் இலவசப் பரிசோதனை மையத்துக்கு வழிகாட்டப்பட்டார்கள். நாகாலாந்தில் உள்ளூர் எதிர்ப்பால் எச்.ஐ.வி. பரிசோதனையே நடக்கவில்லை. மக்கள் 'முடியாது' என்று சொல்ல முடியும் என்பதற்கு அது சான்று.

நாம் பார்த்த வேப்பமரத்தடிக்கும் இந்த விதிகளுக்கும் உள்ள தூரம்தான் ஊருக்கும் சேரிக்கும் உள்ள தூரம். பகல் பதினொரு மணிக்கு வந்தால் நம் பெண்கள் நூறு நாள் வேலையில் இருப்பார்கள். தை மாதம் வந்தால் பாதி வீடு பூட்டிக் கிடக்கும். குடும்பத்தோடு கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் போயிருப்பார்கள். பூட்டிய வீட்டின் நோய் எந்தப் பட்டியலிலும் ஏறாது.

சாதிக் கட்டத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவரான தலித் பட்டியல் சாதியாகக் கருதப்படுவதில்லை. தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார். அதே தெரு, அதே குழாயடி, அதே ரத்தசோகை. ஆனால் கணக்கில் வேறு கட்டம். மாவட்ட வாரியாக வெளியிடும் விவரத் தாளிலோ சாதிவாரிப் பிரிவே கிடையாது. நாட்டில் 57 சதவீதப் பெண்களுக்கு ரத்தசோகை என்று 2019-21 ஆய்வு சொல்கிறது. நம் மாவட்டத்துக் காலனிகளில் எத்தனை சதவீதம் என்று கேட்டால் அந்தத் தாளில் பதில் இல்லை.

நம் தெருவில் உள்ள தீண்டாமை

அரசைக் கேட்பதோடு நிறுத்திக்கொண்டால் நாம் நேர்மையானவர்கள் அல்ல. இந்த ஆய்வில் ஒரு கேள்வி உண்டு: கடைக்காரருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தால் அவரிடம் காய்கறி வாங்குவீர்களா? தொற்றுள்ள ஆசிரியை பள்ளியில் தொடர்ந்து பாடம் நடத்தலாமா என்றும் கேட்கிறார்கள்.

இந்தக் கேள்வி நமக்குப் புதிதா? 2018-ல் திருப்பூர் மாவட்டத்தில் தலித் பெண் ஒருவர் சமைத்த சத்துணவைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று சாதி இந்துக்கள் பள்ளியை முற்றுகையிட்டதைப் பார்த்தோம், கொதித்தோம். தனிக் குவளைக்கு எதிராக வழக்குப் போட்டோம். ஆனால் ரத்தம் கொடுக்காமல் எழுந்து வந்த அந்தப் பெண்ணுக்கு நம் காலனியிலேயே தனித் தட்டு வைத்த வீடுகள் உண்டு. அவர் பிள்ளையோடு விளையாட வேண்டாம் என்று சொன்ன தாய்மார்கள் உண்டு. அவர் ஊரைப் பார்த்து மட்டும் பயப்படவில்லை, நம்மைப் பார்த்தும்தான் பயந்தார்.

தட்டாலும் குவளையாலும் எச்.ஐ.வி. பரவாது. சேர்ந்து உண்பதால், தொட்டுப் பேசுவதால், ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பதால் பரவாது. 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் ஏ.ஆர்.டி. மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. தவறாமல் சாப்பிடுகிறவர்கள் வேலை செய்து, பிள்ளைகளை வளர்த்து, நீண்ட காலம் வாழ்கிறார்கள். 2018 செப்டம்பர் 10-ல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், தொற்றுள்ளவரை வேலையில், பள்ளியில், மருத்துவமனையில் ஒதுக்குவதைத் தடை செய்கிறது. நம்பிக்கையின் பேரில் அறிந்த அவரது நிலையை ஒப்புதல் இல்லாமல் வெளியே சொல்வதையும் அது தடை செய்கிறது.

நாம் கேட்பது

கணக்கெடுப்பவர்கள் காலனிக்குள் வர வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்து, பெண்ணிடம் பெண் தனியாகப் பேச வேண்டும். வேலை முடிந்து ஆட்கள் திரும்பும் மாலை நேரத்தில் வர வேண்டும். படித்துவிட்டு வேலையின்றி இருக்கும் நம் பெண் பிள்ளைகளையும் இந்தப் பணியில் சேர்க்க வேண்டும். ரத்தம் எடுக்கும் முன், எதற்கு எடுக்கிறார்கள், முடிவு யாருக்குப் போகும் என்பதை நமக்குப் புரியும் தமிழில் சொல்ல வேண்டும். மாநில அளவிலாவது தலித் கிறிஸ்தவர்களைத் தனியே காட்டும் அட்டவணை வேண்டும்.

கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. இந்த ஆய்வின் அறிக்கைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ்நாட்டு அறிக்கையை எடுத்து, பட்டியல் சாதி என்ற வரியை மட்டும் படித்து, வரும் கிராம சபையில் வாசியுங்கள். தனக்குத் தொற்று இருக்குமோ என்று பயப்படுகிறவர்களுக்கு அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தைக் காட்டுங்கள். 1097 என்ற இலவச எண்ணையும் சொல்லுங்கள்.

அந்தப் பெண் பிறகு நம்பிக்கை மையத்துக்குப் போய்ப் பரிசோதித்துக்கொண்டார். முடிவு என்ன என்று நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அது அவருக்கு மட்டும் உரியது. அடுத்த கணக்கெடுப்புக் குழு வரும்போது அவர் தன் வீட்டுத் திண்ணையில் அச்சமின்றி விரலை நீட்ட வேண்டும். அதற்கு அரசு செய்ய வேண்டியது பாதி. மீதிப் பாதி நம் தெருவின் வேலை.