இறக்கத்தில் நியூட்ரல்: இது சிக்கனம் இல்லை



நீளமான பதிவுதான். ஸ்கூல் வேனில் பிள்ளையை அனுப்புகிறவர்களும், விடுமுறைக்கு நுவரெலியா போக வேன் பேசி வைத்திருப்பவர்களும் மட்டுமாவது பொறுமையாக வாசியுங்கள்.

பெற்றோல் மிச்சம் பிடிக்கும் வழிகள் என்று ஒரு செய்தி நம்ம ஊர் வட்ஸ்அப் குழுக்களில் மறுபடியும் சுற்றுகிறது. அதில் ஒரு வரி: இறக்கத்தில் நியூட்ரலில் விடுங்கள், எஞ்சினுக்கும் ஓய்வு, பெற்றோலும் மிச்சம். அதற்குக் கீழே 'மாஷா அல்லாஹ், பயனுள்ள தகவல்' என்று வரிசையாகப் பதில்கள். இதைப் பகிர்ந்தவர்கள் கற்பிட்டிக்காரராக இருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். அங்கே இறங்க என்ன இருக்கிறது? நாம் இருப்பது கண்டியில். கொழும்புக்குப் போனால் கடுகண்ணாவை, குருநாகலுக்குப் போனால் கலகெதர, மஹியங்கனைக்குப் போனால் பதினெட்டு வளைவு, நுவரெலியாவில் இருந்து திரும்பினால் றம்பொடை. டவுனுக்குப் பக்கத்திலேயே ஹந்தானை, ஹீரஸ்ஸகல. எந்தப் பக்கம் வெளிக்கிட்டாலும் இறங்கித்தான் ஆக வேண்டும்.

முதலில் அந்தப் பெற்றோல் கணக்கையே பார்ப்போம். மொரிஸ் மைனர், ஒஸ்டின் காலத்து வாகனங்களில் இருந்தது காப்ரேட்டர். எக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்தாலும் எஞ்சின் சுற்றும் வரை பெற்றோலை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்தக் காலத்தில் நியூட்ரலில் விட்டால் கொஞ்சம் மிச்சம் என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. இன்று நம் வீடுகளில் நிற்கும் அல்டோ, வெகன்ஆர், அக்ஸியோ எல்லாமே இன்ஜெக்டர் வாகனங்கள். கியரில் இருக்கும்போது காலை எடுத்தால், சில்லுகளே எஞ்சினைச் சுற்றுகின்றன என்பதை அதன் கணினி அறிந்து, பெற்றோல் பாய்வதையே நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்ட கணமே எஞ்சினுக்கும் சில்லுக்கும் தொடர்பு அறுகிறது. அணையாமல் இருக்க எஞ்சின் பெற்றோல் குடிக்க ஆரம்பிக்கிறது. அதாவது மிச்சம் பிடிப்பதாக நினைத்து அவர் செய்வது வீண் செலவு.

செலவோடு முடிந்தால் பரவாயில்லை. அவர் வேனில் பிள்ளைகள் இருக்கிறார்களே.

தரம் 11 பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் போடும் கணக்குத்தான் இது. ஆட்களோடு ஒரு வேனின் நிறை 2,000 கிலோகிராம் என்று குறைத்தே வைப்போம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில், கண்டி ஏறத்தாழ 500 மீற்றரில். இறங்கும் உயரத்தை 1,350 மீற்றர் என்று எடுங்கள். இழக்கப்படும் அழுத்த சக்தி 2 கோடியே 70 இலட்சம் யூல். இது 25 பாகையில் இருக்கும் 80 லீற்றருக்கும் அதிகமான தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கந்தூரிக் கிடாரத்தை மனதில் கொண்டு வாருங்கள். காற்றும் டயரும் இதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி எங்கே போகும்? கியரில் இறங்கினால் எஞ்சின் பெரும் பங்கைச் சுமக்கும். நியூட்ரலில் இறங்கினால் அவ்வளவும் நான்கு சில்லுகளில் இருக்கும் பிரேக்கின் தலையில். உள்ளங்கை அளவு பிரேக் பேட் அதை எத்தனை வளைவுக்குத் தாங்கும்?

சூடேறிய பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும். ஒன்று, பேட் பிடிப்பை இழக்கும். காலை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி போய்க்கொண்டே இருக்கும். தீய்ந்த வாடை வருவது இந்த நேரம்தான். மற்றது இன்னும் மோசம். நாம் 'பிரேக் ஒயில்' என்று சொல்கிற திரவம் காற்றில் உள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் சாமான். டொட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை வரை கொதிக்காமல் நிற்க வேண்டும் என்பது நியமம். ஈரம் ஏறிய பிறகோ அந்த எல்லை 140 பாகை. டொட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. நம்ம ஊர் மழைக்கும் பனிக்கும் ஈரத்துக்குப் பஞ்சமா? திரவம் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி. திரவம் அமுங்காது, குமிழி அமுங்கும். பெடல் தட்டோடு போய் ஒட்டிக்கொள்ளும், பிரேக்கில் ஒன்றும் நடக்காது.

ஆனால் நம்மில் எத்தனை பேர் பிரேக் ஒயில் மாற்றியிருக்கிறோம்? குறைந்தால் ஊற்றுவோம், அவ்வளவுதான். 'அது மாத்துற சாமான் இல்ல' என்று சொல்கிறவர்களை நானே கேட்டிருக்கிறேன். மாற்றுகிற சாமான்தான். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை என்பது பொதுவான கணக்கு.

இன்னும் ஒரு கூட்டம் எஞ்சினையே ஓஃப் பண்ணிவிட்டு இறங்கும். முச்சக்கரவண்டிக்காரச் சகோதரர்கள் கோபிக்க வேண்டாம், 2022 இல் QR முறை வந்து வாரத்துக்கு 5 லீற்றர் என்றிருந்த நாட்களில் இந்தப் பழக்கம் ஏன் வந்தது என்று எனக்கு விளங்கும். அந்த நாட்கள் போய்விட்டன, பழக்கம் போகவில்லை. கார், வேன்களில் இது இன்னும் ஆபத்து. எஞ்சின் நின்றால் பிரேக்கை இலேசாக்கும் பூஸ்டருக்குப் பலம் இரண்டு மூன்று மிதிக்குத்தான். பிறகு பெடல் கல்லாகிவிடும். ஸ்டியரிங்கும் இறுகும்.

2023 ஜனவரி 20 ஆம் திகதியை மறந்திருக்க மாட்டீர்கள். நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில், கொழும்புப் பாடசாலையொன்றின் மாணவர்கள் சுற்றுலா வந்த பஸ், வேனோடும் முச்சக்கரவண்டியோடும் மோதி 7 பேர் வபாத்தானார்கள், இறந்தார்கள். பிரேக் பிடிக்கவில்லை என்றே அன்று செய்திகளில் சொல்லப்பட்டது. அந்த பஸ்ஸைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. நான் கேட்பது வேறு. 'பிரேக் பிடிக்கவில்லை' என்பதை இடி விழுந்த மாதிரி, யாராலும் தடுக்க முடியாத ஒன்றாக நாம் ஏன் கேட்டுக்கொள்கிறோம்? எல்லாம் கத்ர் என்று பெருமூச்சு விட்டு, அடுத்த ஞாயிறு அதே பழைய பிரேக் ஒயிலோடு ட்ரிப் போகிறோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

ஹைபிரிட் வைத்திருப்பவர்கள், இது எனக்கில்லை என்று நினைக்க வேண்டாம். அக்குவா, பிரியஸ் கியர் லீவரில் உள்ள B என்ற எழுத்து பற்றரி சார்ஜ் ஆகத்தான் என்றும், அதைப் போட்டால் எஞ்சின் கத்துகிறது, பழுதாகும் என்றும் இரண்டு கதைகள். சாதாரணமாகக் காலை எடுத்தாலே, பிரேக்கை மிதித்தாலே பற்றரி சார்ஜ் ஆகிறது. ஆனால் றம்பொடை மாதிரி நீண்ட இறக்கத்தில் பற்றரி நிரம்பிவிடும். பிறகு சக்தியைச் சேர்க்க இடமில்லை. அப்போது எஞ்சினைச் சுற்ற வைத்து வண்டியைப் பிடிப்பதற்காகவே B. அது கத்தட்டும், கத்துவதுதான் அதன் வேலை. சாதாரண ஒட்டோ கியர் வாகனம் என்றால் 2, L அல்லது S. மெனுவல் என்றால் ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்குங்கள் என்று பழைய லொறிக்காரர்கள் சொல்வார்கள். அவர்கள் சொன்னதில் பிழையே இல்லை.

மற்றக் கதைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 95 பெற்றோல் அடித்தால் எஞ்சின் சுத்தமாகும், இழுவை கூடும் என்பது வீண் பேச்சு. அந்த எண் எரிபொருள் முன்கூட்டியே வெடிக்காமல் தாங்கும் அளவைச் சொல்கிறதே தவிர, சத்தைச் சொல்லவில்லை. 92 போதும் என்று கைநூலில் இருந்தால் 92 போதும். சூடான நாட்டுக்குத் தேர்மோஸ்டட் வால்வ் தேவையில்லை என்று கழற்றி எறிகிறார்கள். எஞ்சின் உரிய சூட்டுக்கு வர மறுத்து, பெற்றோலும் தேய்மானமும் கூடும். கூலண்டுக்குப் பதில் பைப் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் ரேடியேட்டருக்குத் துரு வளர்க்கிறார்கள்.

ஒன்றை மட்டும் வேகமாகக் கடக்க முடியாது. 'எமிஷன் டெஸ்ட் பாஸ், வண்டி டொப்' என்று வேன்காரர் சொன்னால் பெற்றோர் திருப்திப்படுகிறார்கள். அந்த டெஸ்ட்டில் பார்ப்பது புகையை. பிரேக்கை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை, டயரையும் இல்லை. அந்தச் சான்றிதழைப் பார்த்துப் பிள்ளையை ஏற்றுவது, இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்து கண் நன்றாகத் தெரியும் என்று சொல்வது போல.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தார்கள். இந்த ஐந்து வருடத்தில் நம் வாகனங்கள் எல்லாம் ஐந்து வயது முதிர்ந்தன. புதிது வாங்க விலை விடாது. ஆகவே இருப்பதைப் பார்த்துக்கொள்வதைத் தவிர வழியில்லை.

கராஜ் பாஸ்மாரைக் குறை சொல்வதாக எடுக்க வேண்டாம். சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லும் பாஸ்மார் நம் ஊரில் இருக்கிறார்கள். நான் பத்துப் புத்தகம் வாசித்தாலும் அந்தக் காது எனக்கு வராது. பிரச்சினை நம்மிடம். பிரேக் ஒயில் மாற்ற வேண்டும் என்று உண்மை சொல்கிற பாஸை 'காசு பிடுங்குறான்' என்கிறோம். 'ஒண்டும் தேவல்ல ஹாஜியார், இன்னும் ஒரு வருஷம் ஓடும்' என்கிறவரிடம் வரிசையில் நிற்கிறோம். ஸ்கூல் வேன் கட்டணத்தில் 500 ரூபா கூட்டினால் பெற்றோர் குழுவில் யுத்தமே நடக்கிறது. அந்த 500 ஐ வேன்காரர் எங்கே மிச்சம் பிடிப்பார் என்று நினைக்கிறீர்கள்? டயரில், பிரேக் பேட்டில், இறக்கத்து நியூட்ரலில். பிள்ளை அவரிடம் அமானிதம் என்றால் அவருடைய பிரேக் நம்முடைய பொறுப்பும்தான்.

ஆகவே எனது வேண்டுகோள், குறிப்பாகப் பெற்றோர் குழு நிர்வாகிகளுக்கு. வேன்காரரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: பிரேக் ஒயில் கடைசியாக மாற்றியது எந்த மாதம்? இறக்கத்தில் எந்தக் கியர்? 'மாற்றவில்லை' என்றால் சண்டை பிடிக்க வேண்டாம், பத்துப் பெற்றோர் சேர்ந்து அந்தச் செலவைக் கொடுங்கள். ஒரு பிறந்தநாள் கேக்கின் விலை கூட ஆளுக்கு வராது. இரண்டாவது கேள்விக்கு 'நியூட்ரல்' என்று பதில் வந்தால் இந்தப் பதிவைக் காட்டுங்கள். அப்படியும் கேட்கவில்லை என்றால் வேனை மாற்றுங்கள்.

'எங்க வாப்பா முப்பது வருஷம் கடுகண்ணாவையில நியூட்ரல்லதான் இறக்கினார், ஒண்டும் நடக்கல்ல' என்று கொமண்ட் போட இருப்பவர்கள், வாப்பா ஓட்டிய வாகனம் எது, அதில் எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.