பத்து நிமிடம் கிழிந்த கடலடி

எங்கே நிலநடுக்கம் வந்தாலும் டி.வி.யில் வரைபடத்தின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பார்கள். சின்ன நடுக்கங்களுக்கு அது போதும். 2004 டிசம்பர் 26-க்குப் போதாது.

அன்று காலை நம் நேரப்படி 6.29-க்கு, சுமத்ராவின் வடமேற்குக் கரைக்கு அப்பால், கடலடியில் சுமார் 30 கிலோமீட்டர் ஆழத்தில் பாறை நழுவத் தொடங்கியது. புள்ளி வைப்பது அந்த இடத்துக்குத்தான். ஆனால், நழுவல் அங்கே நிற்கவில்லை. பழைய வேட்டியின் ஓரத்தில் லேசாகக் கிழிந்தால் சர்ரென்று போகுமே, அப்படி வடக்கு நோக்கி ஓடியது. நொடிக்கு இரண்டு, இரண்டரை கிலோமீட்டர் வேகம். நிக்கோபாரைத் தாண்டி அந்தமான் வரை, கிட்டத்தட்ட 1,300 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மும்பைக்குப் போகிற தூரம்! எட்டு முதல் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

இந்தியத் தட்டு அங்கே கிழக்கிலுள்ள தட்டுக்கு அடியில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் புகுந்துகொண்டே இருக்கிறது. நடுவே இறுகப் பிடித்துக்கொண்ட பகுதிகள் நூற்றாண்டுக் கணக்கில் அழுத்தத்தைச் சேர்த்துவைத்து, ஒருநாள் விட்டுவிடுகின்றன. அன்று சில இடங்களில் நழுவல் 15 மீட்டரைத் தாண்டியது.

கிழிசல் தெற்கு வடக்காக ஓடியதால் அலையின் பெரும்பலம் கிழக்கிலும் மேற்கிலும் பாய்ந்தது. மேற்கே இலங்கையும் நாகப்பட்டினமும் இருந்தன. வடக்கே இருந்த வங்கதேசம் பெரும்பாலும் தப்பியது.

கிழிசலின் நீளத்தைக் காட்டிக்கொடுத்தவை பின்னதிர்வுகள். நழுவிய பாறை தன்னைச் சரிசெய்துகொள்ளும்போது வருபவை அவை. சுமத்ராவிலிருந்து வட அந்தமான் வரை வரிசையாக வந்தன. நாள் போகப்போக இவற்றின் எண்ணிக்கை குறையும் என்று ஜப்பானின் ஓமோரி 1894-லேயே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். எண்ணிக்கைக்குத்தான் அந்தக் கணக்கு.

தெற்கே சிமலூ தீவருகே கிழிசல் நின்றது. நின்ற இடத்துக்கு அப்பால் பாரம் ஏறியிருக்கிறது என்று வட அயர்லாந்தின் ஜான் மெக்ளோஸ்கி குழு 2005 மார்ச் 17-ல் 'நேச்சர்' இதழில் எழுதியது. சரியாகப் பதினோராம் நாள், மார்ச் 28 இரவு, நியாஸ் தீவருகே 8.6. இதைப் பின்னதிர்வு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நியாஸில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். நம் கடலோரத்திலும் அன்றிரவு மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். பேரலை வரவில்லை. நழுவலில் பெரும்பகுதி தீவுகளுக்கும் ஆழமில்லாத கடலுக்கும் அடியில் நடந்ததால், தள்ளப்பட்ட தண்ணீர் குறைவு.

அதற்கும் தெற்கே, மெந்தாவாய் தீவுகளுக்கு அடியில், 1797-லும் 1833-லும் உடைந்த பகுதி இருக்கிறது. 2007 செப்டம்பரில் அதில் கொஞ்சம் 8.4 அளவில் அசைந்தது. மீதி இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. எதிர்க்கரையில் படாங் நகரம்.