வழக்கு வேண்டாம் என்று சொல்லும் வக்கீல்

விளாத்திகுளம் பக்கம் நிலத் தகராறு பெரும்பாலும் வரப்பில்தான் தொடங்குகிறது. எல்லாம் மானாவாரிக் கரிசல். கோடையில் பாளம் பாளமாக வெடித்து, ஐப்பசி மழையில் ஊறிக் குழையும் மண்ணில் ஊன்றிய சர்வே கல் நேராக நிற்பது அபூர்வம். போதாததற்கு, 1980களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். திட்டத்தின் பட்டாவில் பேர் மாறி ஏறிய பிழைகள் இன்னும் தீர்ந்தபாடில்லை.

எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர், கட்சிக்காரர் பேசி ஓய்ந்ததும் மஞ்சப்பையைக் கேட்டு வாங்குவார். பத்திரங்களை வருஷ வாரியாக அடுக்கிவிட்டு, தாய்ப்பத்திரத்திலிருந்து படிக்கத் தொடங்குவார். சொத்து விவரம் வந்ததும் வேகம் குறையும். நான்கு எல்லையையும் விரல் வைத்து வாசிப்பார். “பழைய பத்திரத்துல மேற்கே ஓடைன்னு இருக்கு. உங்க பத்திரத்துல வண்டிப்பாதைன்னு வந்திருக்கே, எப்படி?” அதற்குள் கிஸ்து ரசீது, அடங்கல் நகல் எல்லாம் மேசைக்கு வந்திருக்கும். அனுபவத்தைக் காட்ட ஆதாரம் இல்லாமல் உறுத்துக்கட்டளை கேட்டு நிற்க முடியாது. பட்டா மட்டும் போதும் என்று நம்பி வருகிறவர்களுக்கு அதைப் புரியவைப்பதே பாதி வேலை.

கடைசியில் பல நேரம் சொல்வது இதுதான்: “இதுக்கு கேஸ் வேண்டாம் அண்ணாச்சி. தாலுகா ஆபீஸ்ல அளக்க மனு போடுங்க. சர்வேயர் கல்லு ஊன்றின பெறகு பார்ப்போம்.”

அந்த ஒரு வார்த்தையில் அவருக்கு ஒரு வழக்கின் பீஸ் போகிறது. கட்சிக்காரருக்கோ பல வருஷ வாய்தா மிச்சம். விளாத்திகுளத்தில் தொடங்கும் பிராது அப்பீல் அப்பீலாக மதுரைக் கிளை வரைக்கும் போகலாம். 2004இல் அந்தக் கிளை வருமுன் சென்னைக்கே ரயில் ஏற வேண்டியிருந்தது. பங்காளிகள் பேச்சுவார்த்தை அறுந்துபோவது தனிக் கணக்கு.

காசைப் பெரிதாக நினைக்காத வக்கீல் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. பக்கத்து ஒட்டப்பிடாரத்தில் 1895இல் வக்கீல் தொழிலைத் தொடங்கியவர் வ.உ.சி. ஏழைகளுக்குக் காசு வாங்காமல் வாதாடினார். 1908இல் கிடைத்த ராஜத்துரோகத் தண்டனையோடு வக்கீல் சன்னதும் பறிபோயிற்று. நீதிபதி வாலஸ் உதவியால் அது திரும்பக் கிடைத்தபோது, நன்றி மறவாமல் மகனுக்கு வாலேசுவரன் என்று பேர் வைத்தார். அதன்பின் கோவில்பட்டியில் வக்கீலாக இருந்தார். அவர் கப்பல் விட்டதைப் பேசும் நாம் அந்தக் கோவில்பட்டி வருஷங்களைப் பேசுவதே இல்லை. தேசத்துக்காக எல்லாவற்றையும் இழந்த மனிதர் மறுபடி கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு கட்சிக்காரர்களுக்காக நின்றதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. வசூலில் கெட்டியாக இல்லாத அவருக்குக் கடைசிவரை கடன் தீரவில்லை.

இப்போது காற்றாலைக்கும் சோலாருக்கும் நிலம் கேட்டு ஊருக்குள் தரகர்கள் வருகிறார்கள். அட்வான்ஸில் கை வைக்கும் முன்பே பத்திரங்களையும் வில்லங்கச் சான்றையும் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள். காசில்லையே என்று தயங்க வேண்டாம். 1987ஆம் வருஷச் சட்டப்படி பெண்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு எழுதிக் கொடுங்கள்.