உடலுக்குப் பயிற்சி, உள்ளத்துக்குத் துணை



இயன்முறை மருத்துவம் என்றதும் நம் நினைவுக்கு வருபவை யாவை? சுவரில் பொருத்திய சக்கரம், கையில் வைத்து அழுத்தும் பந்து, நோகும் இடத்தில் வைக்கும் மின்கருவி, ‘இதை நாள்தோறும் இருபது முறை செய்யுங்கள்’ என்னும் அறிவுரை. இவை யாவும் தேவையானவையே. ஆயினும் அந்த இருபது முறையை நோயாளி வீட்டில் செய்வாரா, செய்யாது விடுவாரா என்பதைச் சக்கரமும் பந்தும் முடிவு செய்வதில்லை. அவருடைய மனநிலை, வீட்டாரின் பேச்சு, கையிலுள்ள காசு, பேருந்து வரும் நேரம் ஆகியவையே முடிவு செய்கின்றன. இத்திங்கள் இதனைப் பற்றிச் சிந்திப்போம்.

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதி மக்களின் தொழில்கள் உடலை வருத்துபவை. சின்ன வெங்காயத்துக்குக் களை எடுப்பதும், பருத்தி எடுப்பதும், மக்காச்சோளம் ஒடிப்பதும் நாள் முழுதும் குனிந்தும் நின்றும் செய்யவேண்டிய வேலைகள். அரியலூர்ப் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் சிமெண்டு ஆலைகளிலும் உழைப்போர் பலர். லாரி ஓட்டுவோரும் பலர். இடுப்பு வலி, முழங்கால் வலி, கழுத்து வலி இல்லாத தெரு நம்மிடையே அரிது. இரத்தக் கொதிப்பைக் கவனியாது விட்டதால் பக்கவாதத்தில் வீழ்ந்தோரும் ஊர்தோறும் உளர்.

ஒரு வீட்டைக் கற்பனை செய்து பார்ப்போம். குடும்பத் தலைவர் லாரி ஓட்டுநர், வயது ஐம்பது. பக்கவாதத்தால் வலக்கையும் வலக்காலும் தளர்ந்துவிட்டன. மருத்துவமனையில் சில நாள் இருந்தார், உயிர் பிழைத்தார். செய்யவேண்டிய பயிற்சிகளையும் கற்றுக்கொண்டு வீடு திரும்பினார். மூன்று திங்கள் கழித்துப் பார்த்தால் கை மடங்கி இறுகியிருக்கிறது, நடையும் தேறவில்லை. ‘சொன்னதைச் செய்யவில்லை, சோம்பேறி’ என்று பிறர் பேசுகின்றனர்.

உண்மையில் நடந்தது என்ன? முதல் வாரத்தில் ஒருமுறை கீழே விழுந்தார். அன்றுமுதல் எழுந்து நிற்கவே அச்சம். வாரம் இருமுறை பயிற்சிக்கு வரச் சொன்னார்கள்; உடன் செல்லவேண்டிய மனைவி ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலியை இழக்கவேண்டும். பருத்தி எடுக்கும் காலம் வந்ததும் பயணம் நின்றது. வந்து பார்த்தவர்கள் எல்லாரும் ‘பாவம், எப்படி இருந்த மனிதர்!’ என்று அவர் காதுபடவே சொல்லிச் சென்றார்கள். வாய் கோணியிருப்பதை எண்ணி வெட்கமடைந்த அவர், திண்ணைக்கு வருவதையும் விட்டுவிட்டார். இத்தனைக்கும் நடுவே, மடங்கிய விரல்களை விரிக்கும் பயிற்சி அவருக்குப் பொருளற்றதாகத் தோன்றியதில் வியப்பில்லை.

பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவரை மனச்சோர்வு நோய் பற்றுகிறது என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த செய்தி. உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, காரணமற்ற அழுகை, யாரோடும் பேசாமை ஆகியவை அதன் அடையாளங்கள். இதனை ‘மனம் விட்டுவிட்டார்’ என்று சொல்லி ஒதுக்கிவிடலாகாது. இதுவும் நோயின் ஒரு பகுதி. மருந்தாலும் ஆறுதலான உரையாடலாலும் குணப்படுத்தக்கூடியது. மனச்சோர்வு குறையாமல் பயிற்சியில் ஊக்கம் பிறப்பது கடினம். ஆகவே மருத்துவரிடம் கை, காலைப் பற்றிச் சொல்லும்போது இவற்றையும் மறவாது சொல்லவேண்டும்.

அன்பே தடையாவதும் உண்டு. ‘நீங்கள் சிரமப்பட வேண்டாம், நான் ஊட்டிவிடுகிறேன்’ என்று மனைவி சொல்வது அன்பினால்தான். ஆனால் பயன்படுத்தாத கையை மூளை மெல்ல மெல்ல மறந்துவிடுகிறது. அமெரிக்க அறிஞர் எட்வர்ட் டாப் இதனைப் ‘பழகிப்போன பயன்படுத்தாமை’ என்னும் கருத்தாக விளக்கினார். நல்ல கைக்கு உறை மாட்டி அதைக் கட்டுப்படுத்தி, தளர்ந்த கையையே வேலை செய்ய வைக்கும் முறை அதிலிருந்து பிறந்தது. மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவு அசைக்க முடிந்த நோயாளிகளுக்கு இம்முறை பயன் தருவதை 2006 இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியது. இதனை நாமாக வீட்டில் தொடங்கிவிடக் கூடாது. இயன்முறை மருத்துவரின் மேற்பார்வை வேண்டும். ஆயினும் இதன் உட்பொருள் எல்லா வீட்டுக்கும் பொருந்தும். ஊட்டிவிடுவதைவிட, அவர் கையால் எடுத்து உண்ணும்வரை அருகிலிருந்து பொறுத்திருப்பது சிறந்த பணிவிடை.

இனி இடுப்பு வலிக்கு வருவோம். களை எடுக்கும் ஒரு தாய் வலி தாங்காமல் ஸ்கேன் எடுக்கிறார். ‘எலும்பு தேய்ந்துவிட்டது, ஜவ்வு விலகிவிட்டது’ என்ற சொற்கள் அவர் செவியில் விழுகின்றன. அன்று தொடங்கி, குனிந்தால் முதுகு முறிந்துவிடும் என்று நம்புகிறார். குனிவதில்லை, குடம் எடுப்பதில்லை, நடப்பதுகூட இல்லை. பயன்படாத தசைகள் வலுவிழக்கின்றன. வலுவிழந்த முதுகு சிறு அசைவுக்கும் நோகிறது. நோவு அச்சத்தை வளர்க்கிறது. செக்குமாடு போல் இவ்வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

வலியே இல்லாதவர்களின் முதுகைப் படம் எடுத்துப் பார்த்த பல ஆய்வுகளை 2015 இல் அறிஞர்கள் ஒன்றுதிரட்டினர். வலியில்லாத அந்த மக்களிலும் 20 வயதினரில் நூற்றுக்கு 37 பேருக்கும், 80 வயதினரில் நூற்றுக்கு 96 பேருக்கும் முதுகெலும்புத் தட்டுகளில் தேய்வு காணப்பட்டது. தலை நரைப்பது போன்ற இயல்பான மாற்றமாகவே பெரும்பாலும் அது அமைகிறது. ஆகவே தேய்வு என்ற ஒரு சொல்லைக் கேட்டே வாழ்க்கை முடிந்ததென்று எண்ணவேண்டியதில்லை.

இதனால் வலி கற்பனை என்று யாரும் கருதலாகாது. வலி உண்மையானது. வலி என்பது உடலுணர்வும் மனவுணர்வும் கலந்த துன்ப அனுபவம் என்று வலியை ஆராயும் பன்னாட்டுக் கழகம் 1979 இலேயே வரையறுத்தது. அதற்கு ஈராண்டு முன்னர், 1977 இல், ஜார்ஜ் ஏங்கல் என்னும் அமெரிக்க மருத்துவர், நோயை உடல் மட்டும் கொண்டு அறிய இயலாது, உள்ளத்தையும் சமுதாயச் சூழலையும் சேர்த்தே நோக்கவேண்டும் என்று எழுதினார். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1997 முதல் தொலைக்காட்சி வழியாக, ‘முதுகு வலிக்கு அஞ்சிப் படுத்துவிடாதீர்கள், இயன்றவரை இயங்குங்கள்’ என்று பொதுமக்களுக்கு எடுத்துரைத்தார்கள். மக்களின் எண்ணமும் மருத்துவர்களின் எண்ணமும் மாறின. முதுகு வலிக்காக இழப்பீடு கோருவோரின் தொகையும் குறைந்தது. அச்சம் நீங்கியதே அங்கு மருந்தாயிற்று.

இங்கே ஓர் எச்சரிக்கை. முதுகு வலியுடன் சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போனாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, கால் வலுவிழந்துகொண்டே வந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, உடல் காரணமின்றி மெலிந்தாலோ, விழுந்து அடிபட்டிருந்தாலோ, முன்னரே புற்றுநோய் இருந்திருந்தாலோ, சற்றும் தாமதியாமல் மருத்துவரிடம் செல்லவேண்டும்.

உடலோடு வாழ்வையும் சீராக்கவேண்டும் என்னும் பாடத்தை நம் தமிழகமே உலகுக்குக் காட்டியிருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் 1948 முதல் தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை மருத்துவத்தால் சீராக்கினார். அதன்பின் இயன்முறைப் பயிற்சியால் விரல்கள் மீண்டும் இயங்கின. ஆனால் கை சீரானவருக்கு வேலை கொடுப்பார் இல்லை. தங்க இடம் தருவார் இல்லை. மடங்கிய கையைக் கண்டு இரங்கிப் பிச்சையிட்டவர்களும், சீரான கையைக் கண்டு இட மறுத்தனர். அறுவையும் பயிற்சியும் வென்றன. ஊரின் மனம் மாறாததால் மனிதர் தோற்றார். இதனை உணர்ந்தே நவஜீவ நிலையம் தொடங்கப்பட்டது. அங்கே தச்சுவேலை முதலிய தொழில்களைக் கற்று, தம் கையால் உண்ணும் பெருமையோடு பலர் ஊர் திரும்பினர்.

அதே கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954 இல் நேர்ந்த விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். பின்னர் நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1963 இல் வேலூரில் அத்துறையின் தலைவரானார். 1966 இல் மறுவாழ்வு நிலையமும் உருவாயிற்று. 1972 இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. கால்கள் இறுதிவரை நடக்கவில்லை. எனினும் அவர் வாழ்வு முடங்கவில்லை. நலம் என்பது முன்போல் நடப்பது ஒன்றே என்று எண்ணி மனமுடைவோர் இவரை நினைவுகொள்ளல் நன்று.

நம் பகுதிக்கு மீள்வோம். பெரம்பலூர் 1995 இலும், அரியலூர் இறுதியாக 2007 இலும் தனி மாவட்டங்களாயின. முன்னர்ப் பெரிய சிகிச்சைக்குத் திருச்சிக்கும் தஞ்சைக்கும் ஓடவேண்டியிருந்தது. 2022 இல் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2021 ஆகஸ்டு 5 அன்று தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், இயன்முறை மருத்துவரை நோயாளியின் வீட்டுக்கே அனுப்பும் ஏற்பாட்டையும் கொண்டதாக அமைந்தது. வீட்டுக்கு வரும் மருத்துவரின் கண்ணில், மருத்துவமனையில் தெரியாத பலவும் படும்: உயரமான வாசற்படி, வழுக்கும் கிணற்றடி, எட்டத்தில் உள்ள கழிப்பிடம், பகலெல்லாம் தனியே கிடக்கும் நோயாளி. வீட்டிலிருந்தே பயிற்சி பெறும் வழியை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியலாம்.

பெண் நோயாளிகளின் நிலை தனியே எண்ணத்தக்கது. கணவர் நோயுற்றால் மனைவி பணிவிடை செய்கிறார். மனைவி நோயுற்றால் அடுப்படியும் அவர் பொறுப்பாகவே நிற்கிறது. பயிற்சிக்கு நேரமில்லை என்று அவர் சொல்வது சாக்கன்று. ஆண் மருத்துவர் தொட்டுச் செய்யும் சிகிச்சைக்குக் கூச்சப்பட்டுச் சொல்லாமல் நின்றுவிடுவோரும் உண்டு. மகளோ மருமகளோ உடனிருக்கலாம். பெண் மருத்துவரைக் கேட்டுப் பெறலாம். அரைமணி நேரம் வீட்டுவேலையை மற்றவர் ஏற்றுக்கொள்வதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

குடும்பத்தார் செய்யக்கூடியவை சில. மருத்துவர் கூறும் பயிற்சியை நோயாளியோடு வீட்டார் ஒருவரும் கற்றுக்கொள்ளட்டும். தளர்ந்த கையைப் பிடித்து இழுத்து ஒருபோதும் தூக்கவேண்டாம். தோள் மூட்டு நழுவிவிடும். பயிற்சியை அன்றாடச் செயலோடு இணையுங்கள்: காலைக் காப்பிக்கு முன் ஒருமுறை, மாலை விளக்கேற்றியபின் ஒருமுறை. நோயாளி விரும்பும் ஒன்றை இலக்காக வையுங்கள். பேரனைத் தூக்குவது, ஆட்டுக்குட்டிக்குத் தழை போடுவது, கோயில்வரை நடப்பது. ‘இன்னும் சரியாகவில்லையா?’ என்று கேட்பதைவிட, ‘அப்பா, நேற்றைவிட இன்று ஆறு தப்படி அதிகம் நடந்தீர்கள்’ என்று சொல்லும் மகளின் வாக்கு மிகுந்த வலிமை தரும்.

பங்குக் குடும்பங்களுக்கும் இதில் பங்குண்டு. முப்பத்தெட்டு ஆண்டு நோயுற்றுக் குளக்கரையில் கிடந்த மனிதர் இயேசுவிடம் முறையிட்டது, தம்மை நீரில் இறக்கிவிட ஆளில்லை என்பதையே. ஆளில்லாமை நம் தெருக்களிலும் உண்டு. நோயாளியைக் காணச் செல்வோர் இரக்க மொழிகளைக் குறைத்து, ஊர்ச் செய்தி பேசி, திண்ணைவரை அவரை நடத்தி வரலாம். மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் இரு சக்கர வண்டியோ ஆட்டோவோ உள்ளவர் உதவலாம். உடன் செல்ல அண்டை வீட்டார் முறைவைத்துக்கொண்டால், அந்த மனைவியின் ஒரு நாள் கூலி தப்பும். நின்றுபோன பயிற்சியும் தொடரும்.

இந்த வாரம் உங்கள் தெருவில் பயிற்சியைப் பாதியில் விட்டவர் எவரேனும் உளரா என்று பாருங்கள். ஏன் விட்டீர்கள் என்று கடிந்து கேளாமல், எது தடையாயிற்று என்று அன்போடு கேளுங்கள். அவர் சொல்லும் விடையில் உங்களால் நீக்கக்கூடிய தடை ஒன்றேனும் இருக்கும்.