பேண்டு வந்துடுச்சு, ஆனா நம்பலாமா?

ரொம்ப நாளா மனசுல அரிச்சுக்கிட்டு இருந்த விஷயம். இன்னிக்கு எழுதிடறேன். கொஞ்சம் லேப் புராணம், பொறுத்துக்கோங்க :-)

செல்லுக்குள்ள இருக்கற ஆயிரக்கணக்கான புரதங்கள்ல நமக்கு வேண்டிய ஒண்ணை மட்டும் புடிச்சுக் காட்டறதுதான் ஆன்டிபாடியோட வேலை. கூட்டத்துல ஆளை அடையாளம் காட்டற சாட்சி மாதிரி. சாட்சியே தப்பான ஆளைக் காட்டினா என்ன ஆகும்? எனக்கு அதான் ஆச்சு.

நான் தேடினது ஏடிஜி7 அப்படிங்கற நொதி. செல் தன்னோட பழைய தட்டுமுட்டுச் சாமானையெல்லாம் தானே தின்னு ஜீரணிச்சு மறுபடி உபயோகப்படுத்திக்கும். அதுக்குப் பேரு ஆட்டோஃபேஜி. இது எப்படி நடக்குதுன்னு ஈஸ்ட்ல கண்டுபிடிச்சதுக்குத்தான் 2016ல ஜப்பான்காரர் யோஷினோரி ஓசுமிக்கு மருத்துவ நோபல் குடுத்தாங்க. எல்சி3 அப்படிங்கற புரதத்தை ஒரு கொழுப்போட ஒட்டற வேலையை ஆரம்பிச்சு வைக்கறது ஏடிஜி7தான். அது இல்லைன்னா எல்சி3-2 அப்படிங்கற ஒட்டின வடிவமே வராது. ஏடிஜி7 இல்லாத எலிக்குட்டிங்க பிறந்த ஒரு நாளைக்குள்ள செத்துப் போயிடும்னு 2005லயே காட்டிட்டாங்க.

நான் வாங்கின ஆன்டிபாடி 100 மைக்ரோலிட்டர். ரெண்டு சொட்டுதான், விலையோ பல ஆயிரம். வெஸ்டர்ன் பிளாட் போட்டேன். 78 கிலோடால்டன்கிட்ட பளிச்னு பேண்டு. ஏடிஜி7 வரவேண்டிய இடமும் அதேதான். பிறகென்ன, மூணு மாசம் அதை வச்சே ஓட்டினேன்.

அப்புறம் பக்கத்து லேப்ல இருந்து ஏடிஜி7 ஜீனையே எடுத்துட்ட செல் (நாக்-அவுட்) கடனா கிடைச்சுது. சும்மா ஒரு கன்ட்ரோலுக்குன்னு அதையும் ஓட்டினேன். அதுலயும் அதே இடத்துல அதே பேண்டு! செல்லை மாத்திக் குடுத்துட்டாங்களோன்னு சந்தேகம். அதே சாம்பிள்ல எல்சி3 பார்த்தேன். எல்சி3-2 சுத்தமா இல்லை. அப்போ செல் சரிதான், ஆன்டிபாடிதான் புளுகியிருக்கு. மூணு மாச நோட்டுப் புத்தகம் குப்பைக்கு.

டேட்டா ஷீட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அவங்க காட்டின படம், ஏடிஜி7ஐ செல்லுல வண்டி வண்டியா உற்பத்தி பண்ண வச்சு எடுத்தது. அவ்வளவு கொட்டிக் கிடந்தா எந்த ஆன்டிபாடியும் புடிக்கும். சாதாரண செல்லுல இருக்கற துளியூண்டை, வேற எதையும் தொடாம புடிக்குதாங்கறதுதானே கேள்வி?

இது என் ஒருத்தன் தலையெழுத்து இல்லை. 2023ல ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு. 65 புரதங்களுக்கு விக்கற 614 ஆன்டிபாடிகளை நாக்-அவுட் செல்லை வச்சே சோதிச்சாங்க. வேலை செய்யாத ஆன்டிபாடிகளை நம்பி வெளிவந்த கட்டுரைகள் புரதத்துக்கு சராசரியா 12! அதே ஆய்வுல, ஜீனையே எடுத்து வச்சுத் தயாரிக்கற ரீகாம்பினன்ட் ஆன்டிபாடிங்கதான் நல்லா தேறிச்சு. முயலுக்கு ஊசி போட்டு ரத்தத்துல இருந்து எடுக்கற பாலிகுளோனல்ல இன்னொரு தொல்லையும் இருக்கு. முயல் செத்தா அந்தச் சரக்கும் முடிஞ்சுது. அடுத்த முயல் அடுத்த கதை.

இதெல்லாம் வெறும் லேப் சண்டைன்னு நினைக்காதீங்க. ஏடிஜி7 ஜீன் பழுதான 12 பேரைப் பத்தி 2021ல ஒரு மருத்துவ ஆய்வு வந்துச்சு. மூளை வளர்ச்சி, தசை எல்லாத்துலயும் பிரச்சினை. இவங்களுக்கு இந்தப் புரதம் குறைவா இருக்கா, இல்லவே இல்லையான்னு சொல்லணும்னா நம்பத் தகுந்த ஆன்டிபாடி வேணும். என்கிட்ட இருந்ததைப் போட்டிருந்தா 'எல்லாம் நார்மல்'னு சொல்லியிருக்கும்.

'சின்ன லேப்ல நாக்-அவுட் செல்லுக்கு எங்க போறது?'ன்னு கேப்பீங்க. நியாயம்தான். ஆனா கடன் கேக்கலாம். செல்லே வேண்டாம், கரைச்சு வச்ச சாம்பிள் ஒரு குழாய் கிடைச்சாலும் ஒரு ஜெல்லுக்குப் போதும். அதுவும் இல்லைன்னா எஸ்ஐஆர்என்ஏ போட்டு அளவைக் குறைச்சு, பேண்டும் கூடவே குறையுதான்னு பாருங்க. ஒரு வாரம் போகும். எனக்கு மூணு மாசம் போச்சே!

என் கட்சி இதுதான்: புது ஆன்டிபாடி வந்தா முதல் ஜெல்லு அதுக்கான பரீட்சையா இருக்கணும். அதுல தேறின பிறகுதான் நம்ம ஆராய்ச்சி. விக்கறவங்களைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. பரீட்சை வைக்காம பாஸ் போட்டது நாமதானே?