உப்பின் மேல் போட்ட பழி

வளைகுடா வெள்ளம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது கோபம்தான் வந்தது. அதில் ஒரு கணக்காவது இருக்கிறதா என்று தேடுவதற்காக இரண்டாம் முறை படித்தேன். ஒரு கணக்கும் இல்லை. மழை பற்றிய கட்டுரையில் மழையளவு ஓரிடத்தில்கூட வரவில்லை.

2024 ஏப்ரல் 16 அன்று ஐக்கிய அரபு அமீரகத்தை மூழ்கடித்த பெருமழை ஒன்று. அதற்கு இரண்டு மாதம் முன்பு, பிப்ரவரியில், அல் ஐன் நகரில் கார் கண்ணாடிகளை உடைத்த ஆலங்கட்டி மழை இன்னொன்று. மேகத்தில் உப்பைத் தூவி மழையைக் கூட்ட அந்த நாடு நடத்தும் மேக விதைப்புதான் இரண்டுக்குமே காரணம் என்கிறார் கட்டுரையாளர். பாலைவனத்தில் இவ்வளவு மழை இயல்பாகப் பெய்யாது, விதைப்பு விமானங்கள் பறந்தன, பிறகு மழை கொட்டியது. ஆகவே விமானம்தான் மழையைக் கொட்டியது என்று முடிக்கிறார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று நம் பாட்டிமார் சொன்னது இந்த மாதிரி வாதத்தைத்தான்.

அவர் போடாத கணக்கை நான் போடுகிறேன். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுவது பத்துக் கோடி லிட்டர் நீர், அதாவது ஒரு லட்சம் டன். அன்று நனைந்தது ஒரு சதுர கிலோமீட்டர் இல்லை, ஒரு நாடும் அதன் அண்டை நாடுகளும். அல் ஐன் பக்கத்தில் கத்ம் அல் ஷக்லா என்ற இடத்தில் 24 மணி நேரத்துக்குள் 254.8 மில்லிமீட்டர் பதிவானது. 1949இல் பதிவுகள் தொடங்கியதிலிருந்து அந்த நாடு கண்டிராத அளவு அது. துபாய் விமான நிலையத்தின் ஆண்டுச் சராசரி சுமார் 95 மில்லிமீட்டர். ஒரே நாளில் அங்கே 140ஐத் தாண்டிப் பெய்தது. ஒரு லட்சம் டன் நீராவி மழைநீராக மாறும்போது வெளியாகும் வெப்பம், ஹிரோஷிமாவில் வெடித்த குண்டின் ஆற்றலைப் போல மூன்று, நான்கு மடங்கு. இது ஒரே ஒரு சதுர கிலோமீட்டருக்கான கணக்கு. விதைப்பு விமானம் ஒரு தடவை கிளம்பினால் கொண்டுபோவது சில பத்துக் கிலோ உப்பு. இந்த இரண்டையும் தராசின் இரு தட்டில் வைத்துப் பார்த்த பிறகும் கட்டுரையாளரால் அதே முடிவுக்கு வர முடியுமா?

உப்பால் மேகத்தைப் பிறப்பிக்க முடியாது. ஏற்கெனவே ஈரம் நிறைந்து மேலெழுந்துகொண்டிருக்கும் மேகத்தின் அடிப்பகுதியில் உப்புத் துகளைத் தூவினால், அதைச் சுற்றி நீர்த்துளி கொஞ்சம் சீக்கிரம் பெரிதாகும் என்பதே இந்த வித்தையின் நம்பிக்கை. அமீரகத்தின் வானிலைத் துறையே பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பலன் 10 முதல் 30 விழுக்காடு வரைதான். அதையும் எல்லா அறிவியலாளர்களும் ஒப்புக்கொள்வதில்லை. அவர்கள் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், பெய்த மழையில் பெரும்பங்கு இயற்கை கொடுத்ததுதான் என்று ஆகிறது.

கட்டுரையாளரின் கையில் உள்ள ஒரே ஆதாரத்தையும் பார்த்துவிடுவோம். மழைக்கு முந்தைய இரண்டு நாட்களில் விதைப்பு விமானங்கள் பறந்ததாகச் செய்தி வந்தது உண்மை. பெருமழையின்போது விதைப்பு எதுவும் நடக்கவில்லை என்று அமீரகத்தின் தேசிய வானிலை மையம் மறுத்ததும் உண்மை. முதல் செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு மறுப்பை அவர் விட்டுவிட்டார். போகட்டும், விமானங்கள் பறந்தன என்றே வைத்துக்கொள்வோம். ஓர் இடிமேகத்தின் ஆயுளை மணிக்கணக்கில்தான் அளக்கிறோம். தூவிய உப்பு வேலை செய்வதாக இருந்தால் அந்த மேகத்தில், அந்த நேரத்துக்குள் செய்ய வேண்டும். திங்கட்கிழமை தூவிய உப்பு, செவ்வாய்க்கிழமை வேறொரு காற்றோடு வந்து சேர்ந்த வேறொரு மேகத்துக்குள் எப்படிப் போய் உட்கார்ந்தது? அதே சமயத்தில் பஹ்ரைனிலும் கத்தாரிலும் தென்கிழக்கு ஈரானிலும் பெய்ததே, அந்த மழைக்கு யார் உப்புப் போட்டது?

நடந்தது என்ன என்பதில் மர்மம் ஏதுமில்லை. மேல்வளிமண்டலத்தில் வடக்கிலிருந்து இறங்கிய குளிர்ந்த காற்றுத் தாழ்வு ஒன்று அரேபியத் தீபகற்பத்தின் மேல் மெதுவாக ஊர்ந்தது. கீழே அரபிக்கடலிலிருந்தும் ஓமான் வளைகுடாவிலிருந்தும் வெதுவெதுப்பான ஈரக்காற்று அதற்குள் பாய்ந்தது. மேலே குளிர், கீழே ஈரமான வெப்பம் என்று அமைந்தால் காற்று செங்குத்தாகக் கிளம்பும். ஒன்றன்பின் ஒன்றாக இடிமழைத் திரள்கள் ஒரே நிலப்பரப்பின் மேல் வந்து கொட்டின. இதைக் கணினி மாதிரிகள் பல நாட்களுக்கு முன்பே காட்டின. வீட்டிலிருந்தே வேலை செய்யுங்கள், பள்ளிக்கு வர வேண்டாம் என்று அமீரக அரசு முந்தைய நாளே அறிவித்தது அதனால்தான். எந்த விமானம் எங்கே பறக்கப்போகிறது என்பது அந்த மாதிரிகளுக்குத் தெரியாது. அவை காற்றையும் ஈரத்தையும் மட்டுமே வைத்துக் கணக்கிட்டு அந்த மழையைச் சொல்லின. கட்டுரையாளரின் வாதம் இந்த ஒரு இடத்திலேயே விழுந்துவிடுகிறது.

ஆலங்கட்டி விஷயத்தில் அவர் செய்திருப்பது இதைவிட மோசம். உப்புத் தூவியதால் மேகம் உறைந்து கல்லாக விழுந்தது என்று எழுதுகிறார். உப்பு வேலை செய்வது மேகத்தின் அடியில், நீர் திரவமாக இருக்கும் இடத்தில். ஆலங்கட்டி வளர்வது அதற்குப் பல கிலோமீட்டர் மேலே. அங்கே வெப்பநிலை பூஜ்யத்துக்கு வெகு கீழே போன பிறகும் உறையாமல் மிதக்கும் நீர்த்துளிகள் உண்டு. ஒரு சிறு பனிக்கரு அவற்றின் நடுவே மிதக்கும்போது துளிகள் அதன்மேல் பட்டுப் படலம் படலமாக உறைகின்றன. கல் கனக்கக் கனக்க, கீழிருந்து வீசும் காற்று அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். கோல்ஃப் பந்து அளவுக்குக் கல் வளர வேண்டுமென்றால் மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் காற்று நேராக மேல்நோக்கி வீச வேண்டும். அந்த வேகத்தைத் தருவது உப்பு இல்லை, மேலுக்கும் கீழுக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: கனடாவின் ஆல்பர்ட்டாவிலும் அர்ஜென்டினாவின் மெண்டோசாவிலும் மேகத்தில் வெள்ளி அயோடைடைத் தூவி வந்திருப்பது ஆலங்கட்டியைக் குறைக்க. அது பலிக்கிறதா என்பது தனி வழக்கு. உப்பு ஒன்று, வெள்ளி அயோடைடு வேறொன்று என்பதையாவது எழுதுவதற்கு முன்னால் அவர் தெரிந்துகொண்டிருக்கலாம்.

பாலைவனத்தில் இப்படிப் பெய்யாது என்பது அறியாமை. அரேபிய மலைகளில் வாடி என்று அழைக்கப்படும் வறண்ட ஆற்றுப்படுகைகளை வெட்டியது எது? எப்போதோ வந்து, வந்தால் எல்லாவற்றையும் புரட்டிப்போகும் வெள்ளம்தான். 2009 நவம்பரில் ஜெத்தாவில் சில மணி நேர மழையில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

நம் ஊருக்கும் வருகிறேன். 1980களின் வறட்சியில் தமிழ்நாடு அரசே மேக விதைப்பைச் செய்து பார்த்தது. இவர் நம்புகிற சக்தி அதற்கு இருந்திருந்தால் 2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி ஏன் தரை தெரியக் கிடந்தது? சென்னை ஏன் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்து நின்றது? 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. கத்ம் அல் ஷக்லாவில் பெய்ததைப் போலக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. காயல்பட்டினத்தில் எந்த விமானமும் உப்புத் தூவவில்லை.

இந்த வாதத்தின் மேல் எனக்கு இவ்வளவு கோபம் வரக் காரணம், இது பழியைச் சுமக்க வேண்டியவர்களை விட்டுவிடுகிறது என்பதே. வேர்ல்டு வெதர் அட்ரிபியூஷன் குழுவின் அறிவியலாளர்கள் பத்து நாட்களுக்குள் ஆராய்ந்து சொன்னார்கள்: எல் நினோ ஆண்டுகளில் அந்தப் பகுதியின் பெருமழை, பூமி இப்படிச் சூடாகாதிருந்த காலத்தைவிட 10 முதல் 40 விழுக்காடு வலுத்திருக்கிறது. காலநிலை மாதிரிகள் இந்த உயர்வைத் தெளிவாகக் காட்டவில்லை என்பதையும் அவர்கள் மறைக்காமல் சொன்னார்கள். மேக விதைப்புக்குக் குறிப்பிடத்தக்க பங்கில்லை என்றும் சொன்னார்கள். எண்ணெய் எரித்துச் சூடான காற்றைப் பற்றியும், மழைநீர் வடிகாலே போதாமல் கட்டி எழுப்பிய நகரங்களைப் பற்றியும் கட்டுரையில் ஒரு வரி இல்லை. ஷார்ஜாவின் தாழ்வான தெருக்களில் தண்ணீர் வடியப் பல நாட்கள் ஆயின. அந்தத் தெருக்களில் நம் ஆட்கள் எத்தனையோ பேர் குடியிருக்கிறார்கள். உண்மையான காரணம் துபாய் அரசுக்குத் தெரிந்திருக்கிறது. 2024 ஜூனில் 3,000 கோடி திர்ஹாமில் தஸ்ரீஃப் என்ற வடிகால் திட்டத்தை அது அறிவித்தது. உப்பு தப்பு செய்தது என்று நினைத்திருந்தால் விமானங்களைத் தரையில் நிறுத்தியிருப்பார்கள், செலவில்லாமல் முடிந்திருக்கும்.

ஏப்ரல் 14 அன்று, துபாயில் மழை தொடங்கும் முன்பே, அதே காற்றுத் தாழ்வின் மழையில் ஓமானின் சமத் அல் ஷானில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச்சென்ற வண்டியை வாடி வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கக் கூடியவை ஒரு நாள் விடுமுறையும், படுகையைக் கடக்காதே என்ற ஓர் எச்சரிக்கையும். விமானத்தைத் தேடி வானத்தையே பார்த்து எழுதிய அந்தக் கட்டுரையில் அவர்களுக்கு இடமில்லாமல் போயிற்று.